இரவில் லைட் பெயின்டிங்: பியட் கதவில் ஒளிக்கோடு நேராக வர என்ன செய்யலாம்?

பச்சை பியட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் பிரிமியர் பத்மினி (எங்கள் ஊரில் இன்றைக்கும் பியட் என்று சொன்னால்தான் புரியும்) போன மாதம்தான் பட்டறையிலிருந்து வீடு வந்து சேர்ந்தது. பாட்டில் பச்சையில் புது பெயின்ட், பம்பர், கிரில், வீல் கப் எல்லாவற்றுக்கும் மறுபடி குரோம். ஆவணியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் இந்த வண்டியை இரவில், கறுப்புப் பின்னணியில், உடம்பின் வளைவுகள் மட்டும் ஒளிக்கோடாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் பெரிதாகப் பிரின்ட் போட்டுத் தரலாம் என்று ஆசை.

இடம் இருக்கிறது. காங்கேயம் பக்கம் சித்தப்பாவின் தேங்காய்க் களம். சிமென்ட் தரை, மூன்று பக்கமும் தென்னை, ரோடு தள்ளி இருக்கிறது. குடோன் வாசலில் மட்டும் ஒரு மஞ்சள் சோடியம் விளக்கு. கேமரா கேனான் 200டி, கூட வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், சுமாரான ட்ரைபாட் ஒன்று.

ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு இருட்டில் விளக்கை நகர்த்தி வெளிச்சம் பூசுவதைத்தான் லைட் பெயின்டிங் என்கிறார்கள். யூடியூபில் பார்த்தபடி 30 வினாடி ஷட்டர், எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ. 800 (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) வைத்துவிட்டு மொபைல் டார்ச்சோடு காரைச் சுற்றி நடந்தேன். கதவு முழுக்க வெள்ளைப் புழுக்கள் நெளிகிற மாதிரி கோடுகள். பச்சை நிறம் பழுப்பாகிவிட்டது. டிக்கிக்குப் பக்கத்தில் என் வேட்டி மங்கலாக நிற்கிறது! பேனட்டில் ஒரு இடம் வெளுத்துப் போயிருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே ஒன்றும் தெரியவில்லை.

கடையில் 2000 ரூபாய்க்கு ஒரு பெரிய டார்ச் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கினால் சரியாகுமா? இல்லை, ஃபிளாஷ்தான் வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வேப்பமரத்தடி எழுதியது:

காலை ஆறு மணிக்கு எடுத்தால் இந்தத் தலைவலியே கிடையாதே? எப்படியோ, வண்டி அம்சமாக இருக்கிறது. முதலில் சுற்றிப் போடுங்கள்.

---

முக்காலி எழுதியது:

தம்பி, டார்ச் வாங்காதீர்கள். ஃபிளாஷும் வேண்டாம். கோவையில் ஷோரூம் விளம்பரங்களுக்குக் கார் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலிஷ் ஏறிய பெயின்ட் கிட்டத்தட்டக் கண்ணாடி. சுண்ணாம்புச் சுவரில் டார்ச் அடித்தால் சுவர் வெளிச்சமாகும். கண்ணாடியில் அடித்தால் அதற்குள் டார்ச்தான் தெரியும். உங்கள் கதவில் நெளிவது உங்கள் மொபைல் டார்ச்சின் பிம்பம். கை ஆடிய ஆட்டமெல்லாம் அப்படியே பதிந்திருக்கிறது. 2000 ரூபாய் டார்ச் வாங்கினால் புழு இன்னும் பளிச்சென்று நெளியும், அவ்வளவுதான்.

1949-ல் பிக்காசோ இருட்டில் ஒரு சின்ன விளக்கைப் பிடித்துக் காற்றிலேயே உருவங்கள் வரைந்தார். லைஃப் பத்திரிகைக்காக ஜான் மிலி படம் எடுத்தார். அது விளக்கைக் கேமராவுக்குக் காட்டுகிற கலை. நமக்கு விளக்கு கேமராவுக்கு நேராகத் தெரியவே கூடாது, காரில் விழுகிற அதன் பிம்பம் மட்டும் வேண்டும். யூடியூபில் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஆக, கார் எதைப் பிரதிபலிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரிய ஸ்டுடியோக்களில் காரைவிட நீளமான லைட் பாக்ஸைக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். விளம்பரப் படங்களில் பேனட்டிலும் ரூஃபிலும் வழவழவென்று ஓடுகிற வெள்ளைப் பட்டை அந்தப் பெட்டியின் பிம்பம். நம்மிடம் பெட்டி கிடையாது. ஆனால் ஷட்டர் திறந்திருக்கும்போது ஒரு மீட்டர் விளக்கைக் கார் நீளத்துக்கு நடத்திக்கொண்டு போனால், கேமராவுக்கு நாலு மீட்டர் லைட் பாக்ஸ் இருந்த மாதிரிதான்.

விளக்கை நீங்களே செய்துவிடலாம். எலக்ட்ரிக்கல் கடையில் எல்.இ.டி. புரொஃபைல் என்று கேளுங்கள். அலுமினிய சேனலும் அதற்கு மேல் பால் நிற மூடியும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரு மீட்டர் போதும். உள்ளே 12 வோல்ட் வெள்ளை எல்.இ.டி. ஸ்டிரிப்பை ஒட்டுங்கள். யு.பி.எஸ்.ஸில் இருக்குமே 12 வோல்ட் 7 ஏ.ஹெச். பேட்டரி, அதைத் தோள்பையில் போட்டு ஒரு வயர் இழுத்தால் முடிந்தது. ஸ்டிரிப்போடு ரிமோட் டிம்மர் வைத்துத் தருவார்கள், வேண்டவே வேண்டாம். அந்த டிம்மர் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, படபடவென்று அணைத்து அணைத்துப் போடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் நடக்கும்போது கதவில் கோடு கோடாக விழுந்துவிடும். வீட்டு 230 வோல்ட் ட்யூப் செட்டும் மட்டமானதாக இருந்தால் இதே கதைதான், வினாடிக்கு 100 தடவை துடிக்கும். அதுவும் போக, பனி விழுந்த சிமென்ட் தரையில் 230 வோல்ட் வயரை இழுத்துக்கொண்டு நடக்கிற வேலையை யாரும் செய்ய வேண்டாம். வெளிச்சம் தூக்கலாக இருந்தால் மூடியின் மேல் பட்டர் பேப்பர் ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

அலுமினிய சேனலுக்கு முதுகு அடைத்திருக்கும், அதுதான் நமக்கு லாபம். முதுகைக் கேமராவுக்குக் காட்டி, முகத்தைக் காருக்குக் காட்டி, கேமராவுக்கும் காருக்கும் நடுவிலேயே தைரியமாக நடக்கலாம். நகர்ந்துகொண்டே இருக்கிறவரை நீங்கள் பதிய மாட்டீர்கள். ஆனால் கறுப்பு பேன்ட், கறுப்புச் சட்டை, கறுப்பு ஷூ. வேட்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். களத்து ஓரத்தில் தென்னை மட்டை குவிந்து கிடக்கும், இருட்டில் பாம்பு பல்லி இருக்கும், ஷூ அதற்கும் ஆகும்.

இப்படிச் செய்த எல்.இ.டி. குழலைப் படுக்கை வாட்டில், காருக்கு இணையாக, ஒரே உயரத்தில் பிடித்து நடந்தால் கதவில் ஒரு மெல்லிய கோடு கிடைக்கும். நெட்டுக்குத்தாகப் பிடித்து நடந்தால் கதவு முழுக்க நிரம்பிய அகலமான பட்டை கிடைக்கும். உங்களுக்கு இரண்டுமே தேவைப்படும், தனித்தனிப் படமாக. உயரம் மாறாமல் இருக்க, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு இடுப்பை அசைக்காமல் நடங்கள். கோடு எங்கே விழ வேண்டும் என்று பார்க்க ஒரே வழிதான்: நண்பர் ஒருவரைக் குழலோடு நிறுத்திவிட்டு, கேமரா இருக்கும் உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். அவர் குழலை ஏற்றி இறக்கும்போது கோடு கதவில் ஏறி இறங்கும். பியட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு மடிப்பு ஓடுகிறது அல்லவா, அதற்குச் சற்று மேலே கோடு உட்கார்ந்தால் எனக்குப் பிடிக்கும்.

ரூஃப், பேனட், டிக்கிக்குக் குழலை ஒரு பி.வி.சி. பைப் நுனியில் கட்டி, காருக்கு அந்தப் பக்கம் நின்று, தலைக்கு மேலே குறுக்காக நீட்டியபடி முன்னாலிருந்து பின்னால் நடங்கள். பியட்டின் பின்பக்கத்தில் எழும்பி நிற்கிற அந்த இரண்டு வால் இறக்கைகளும் இந்தப் படத்தில்தான் உயிர் பெறும். அவசரப்படாமல் இதற்கு நேரம் கொடுங்கள்.

எக்ஸ்போஷரில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. சுற்றுப்புற வெளிச்சத்துக்குத்தான் ஷட்டர் நேரம் கணக்கு. உங்கள் கை விளக்குக்கு ஷட்டர் 20 வினாடியா 30 வினாடியா என்பது பொருட்டே இல்லை. நீங்கள் எவ்வளவு மெதுவாக நடந்தீர்கள், எஃப் எண் என்ன, ஐ.எஸ்.ஓ. என்ன, இவ்வளவுதான். கோடு வெளுத்துப் போனால் வேகமாக நடங்கள். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 20 வினாடியில் ஆரம்பியுங்கள். நீங்கள் வைத்த அளவோடு பார்த்தால், அதே விளக்குக்கு அதே நடைக்கு இது பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம். பேனட் வெளுத்ததற்கு இன்னொரு காரணம் தூரம். டார்ச்சை ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்குக் கொண்டுபோனால் அந்த இடத்தில் நாலு மடங்கு வெளிச்சம் விழும். நீங்கள் வீல் பக்கம் குனிந்தும் ரூஃபுக்கு எட்டியும் நடந்திருப்பீர்கள்.

ஒரே படத்தில் எல்லாம் வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ரூஃபுக்கு ஒன்று, கதவுக் கோட்டுக்கு ஒன்று, கதவு நிரப்ப ஒன்று, முன்பக்கம், வீல்கள், உள்ளே, பார்க்கிங் விளக்கு என்று தனித்தனியாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி லைட்டன் மோடில் போட்டால் ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படம் பிரகாசமோ அது மட்டும் நிற்கும். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் இலவசம், அதில் லைட்டன் ஒன்லி என்று இருக்கும். வேண்டாத பகுதியை லேயர் மாஸ்க் போட்டுக் கறுப்பால் மறைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை: முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை கேமராவும் அசையக்கூடாது, காரும் அசையக்கூடாது. 200டியில் வைஃபை இருக்கிறது, மொபைலிலிருந்தே ஷட்டரைத் தட்டுங்கள். ஃபோகஸை, குரோம் பேட்ஜில் டார்ச் அடித்துப் பிடித்துவிட்டு எம்.எஃப்.க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு) மாற்றிவிடுங்கள். (மொபைல் டார்ச்சுக்கு இங்கேதான் வேலை.) லென்ஸில் இருக்கும் ஐ.எஸ். (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) பட்டனை அணைத்துவிடுங்கள். மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு 20 வினாடிப் படத்துக்குப் பிறகும் இன்னொரு 20 வினாடி சும்மா நிற்க வேண்டும். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் படமாக) எடுங்கள்.

பச்சை பழுப்பானது குடோன் விளக்கால். சோடியம் வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸை (விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் அமைப்பை) எந்தப் பக்கம் திருகினாலும் இல்லாத நிறம் வராது. சித்தப்பாவிடம் சொல்லி அணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒரே எண்ணில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் பச்சை மாறும்.

லென்ஸில் 18-ஐத் தொடாதீர்கள், கிட்டே போய் எடுத்தால் பியட்டின் மூக்கு வீங்கிவிடும். 55-ல் வையுங்கள். பக்கவாட்டில் கார் முழுக்க விழுந்து இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டுமானால் ஏறக்குறைய 15 மீட்டர் பின்னால் போக வேண்டும். களத்தில் அதற்குப் பஞ்சமில்லை. உயரம் ஹெட்லைட் மட்டம்.

முழுக் கறுப்புப் பின்னணி உங்கள் விருப்பம். எனக்கென்னவோ, தென்னை இருக்கிற இடத்தில் அதை வீணாக்க மனசு வராது. சூரியன் மறைவதற்கு முன்பே காரையும் ட்ரைபாடையும் நிறுத்திவிட்டு, வானம் கருநீலமாக இருக்கும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சூரியன் விழுந்து அரை மணிக்குள் அந்த நீலம் போய்விடும். பிறகு சேர்ப்பதா விடுவதா என்று வீட்டில் முடிவு செய்யலாம்.

---

பட்டி பார்ப்பவன் எழுதியது:

நான் போட்டோக்காரன் இல்லை, சேலத்தில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். முக்காலி அண்ணன் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இது நாங்கள் தினமும் செய்கிற வேலை. பட்டி (தகரத்தின் பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கும் பசை) பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்து முடித்ததும் பேனலுக்கு எதிரே ட்யூப் லைட்டைப் பிடித்து அதன் பிம்பத்தைத்தான் பார்ப்போம். கோடு நேராக ஓடினால் பேனல் சமம். எங்கே வளைகிறதோ அங்கே பட்டி கூடுதல், இல்லாவிட்டால் பள்ளம். கை தடவிக் கண்டுபிடிக்க முடியாததையும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே ஒரு எச்சரிக்கை தம்பி. நீங்கள் எவ்வளவு நேராக நடந்தாலும் கோடு சில இடத்தில் நெளியலாம். அது உங்கள் கையா, தகரமா என்று பார்க்க அதே நடையை இரண்டாவது தடவை நடங்கள். நெளிவு இடம் மாறினால் கை. அதே இடத்தில் அதே மாதிரி இருந்தால் தகரம். பழைய பியட்டில் கதவின் அடிப்பாகம், வீல் ஆர்ச் விளிம்பு, டிக்கிக்குக் கீழே, இங்கெல்லாம் துரு தின்றிருக்கும். வெட்டிப் புதுத் தகரம் வைத்துப் பட்டி பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று, படம் எடுக்கிற அன்றைக்குக் களத்துத் தூசியோடு காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். புது பெயின்ட்டில் வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல் விழும், பகலில் தெரியாது, விளக்கு அடித்தால் அத்தனையும் எழுந்து நிற்கும். தண்ணீர் விட்டு அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அடித்து ஒரு மாதம்தான் என்றால் வேக்ஸ் போடாதீர்கள், பெயின்ட் இன்னும் காற்று வாங்கட்டும். பேட்டரிப் பையின் பக்கிள், பெல்ட் பக்கிள் இரண்டும் கதவில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் நடக்கும்போது அதுதான் முதலில் போய் இடிக்கும்.

---

ஒலிம்பஸ்காரி எழுதியது:

யாராவது ஒலிம்பஸ் வைத்திருந்தால் அவர்களுக்காக: லைவ் காம்போசிட் என்று ஒரு மோட் இருக்கிறது, 2014-ல் வந்த இ-எம்10 கேமராவிலேயே உண்டு. முதல் ஃப்ரேமை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எங்கே புதிதாக வெளிச்சம் விழுகிறதோ அதை மட்டும் கேமராவே சேர்த்துக்கொண்டு போகும். கிம்ப்பில் செய்கிற லைட்டன் வேலை கண்ணெதிரே ஸ்க்ரீனில் நடக்கும். நடக்கும்போதே எந்த இடம் விட்டுப்போச்சு என்று தெரிந்துவிடும்.

கேனான்காரர்களுக்கு என் யோசனை, களத்துக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே பழகுங்கள். பசங்களின் பொம்மைக் காரில் கறுப்போ நீலமோ பளபளப்பானது ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் ஸ்க்ரீனில் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து அதையே குழலாக நினைத்து காருக்கு மேலே நகர்த்துங்கள். எந்தக் கோணத்தில் பிடித்தால் பிம்பம் எங்கே விழுகிறது என்பது பத்து நிமிஷத்தில் கைக்கு வந்துவிடும். எனக்கு எந்த வீடியோவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை.

வேறொரு சந்தேகம் முக்காலி சார். நான் எடுக்கிற படத்தில் கார் கதவில் பின்னால் இருக்கிற காம்பவுண்டு சுவரும் தெரிகிறது, போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் போகுமா?

---

முக்காலி எழுதியது:

பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் போலரைசர் வேலை செய்யும், குரோமில் செய்யாது. ஆனால் இங்கே நாம் எடுப்பதே பிம்பத்தைத்தானே அம்மா? சுவரைக் குறைக்கப் போய் உங்கள் ஒளிக்கோட்டையும் சேர்த்துக் குறைத்துவிடும். சுவர் மேல் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொண்டால் அது தானாகவே மறையும்.

---

பச்சை பியட் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குழல் செய்தாயிற்று, டார்ச் வாங்கவில்லை. நேற்று இரவு சித்தப்பா பையனும் நானும் களத்துக்குப் போனோம். ரூஃப் கோடு முதல் தடவையே நான் நினைத்ததைவிட நன்றாக வந்துவிட்டது. வால் இறக்கைகளைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா, "இது நம்ம வண்டியாடா?" என்றார்.

இரண்டு பிரச்சினை. ஒன்று, டிரைவர் கதவில் கைப்பிடிக்குக் கீழே கோடு ஒடிகிறது. பட்டி அண்ணன் சொன்னபடி மறுபடி நடந்து பார்த்தேன், அதே இடத்தில் அதே ஒடிவு. இரண்டு, அடுக்கும்போது கடைசியில் எடுத்த சில படங்கள் மற்றவற்றோடு பொருந்தவில்லை. பம்பர் இரட்டையாகத் தெரிகிறது. கேமராவை நாங்கள் தொடவே இல்லை. நேற்று நல்ல ஆடிக்காற்று.

வண்டிக்குள் வெளிச்சம் எப்படிக் கொடுப்பது என்றும் சொல்லுங்கள். பின்சீட்டில் உட்கார்ந்து டார்ச் அடித்தேன், கண்ணாடியெல்லாம் வெளுத்துவிட்டது.

---

பட்டி பார்ப்பவன் எழுதியது:

கைப்பிடிக்குக் கீழே என்றால் பட்டி ஒரு பக்கம் கூடியிருக்கும். பத்தடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. இப்போது தேய்க்கப் போனால் கதவு முழுக்க மறுபடி அடிக்க வேண்டும், பச்சை ஷேடு ஒட்டாமல் போனால் அது வேறு வம்பு. விசேஷம் முடியட்டும்.

---

முக்காலி எழுதியது:

கதவுக் கோட்டை ஒரு சாண் மேலே ஏற்றிப் பாருங்கள், ஒடிவைத் தாண்டிவிடலாம். முடியாவிட்டால் கோட்டை விட்டுவிட்டு நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த பட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அகலமான பட்டையில் சின்ன ஒடிவு மறைந்துவிடும்.

படம் பொருந்தாததற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தீர்கள். பழைய வண்டி, ஆள் ஏறி இறங்கினால் ஸ்பிரிங் பழைய மட்டத்துக்கே வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. சில மில்லிமீட்டர் போதும், பம்பர் இரண்டாகிவிடும். தரையும் தென்னையும் எல்லாப் படத்திலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அவை பொருந்தி கார் மட்டும் விலகினால் ஸ்பிரிங். எல்லாமே விலகினால் காற்று ட்ரைபாடை நகர்த்தியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் இந்த மாதத்தில் சும்மா விடாது. நடுக்குழாயை மேலே தூக்காமல், கால்களை அகட்டி, கொக்கியில் பையைத் தொங்கவிட்டு, அந்தப் பை தரையைத் தொடுகிற மாதிரி வையுங்கள். ஆடாது.

உள்ளே நீங்கள் உட்காரவே தேவையில்லை. டார்ச் முகத்தில் பட்டர் பேப்பர் நாலு மடிப்பு கட்டி, முன்சீட்டுக்குக் கீழே தரையில் ரூஃபைப் பார்த்து வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்துங்கள். வண்டி அடங்க ஐந்து நிமிடம் விடுங்கள். அந்தப் படத்தை எல்லாவற்றுக்கும் முதலில் எடுத்துவிட்டு டார்ச் தானாக அணையும்வரை விடலாம், அல்லது சித்தப்பா பையனை ஜன்னல் வழியே கையை மட்டும் நீட்டி அணைக்கச் சொல்லலாம். கதவைத் திறக்கக்கூடாது. ஸ்டீயரிங்கும் சீட் விளிம்பும் நிழலாகத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். பார்க்கிங் விளக்குக்கும் அப்படித்தான், ஜன்னல் வழியே கையை விட்டு ஒரு வினாடி போட்டு அணையுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிடாதீர்கள், மொத்தப் படத்தையும் தின்றுவிடும்.

பிரின்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேமராவில் 6000-க்கு 4000 புள்ளி வருகிறது. அங்குலத்துக்கு 200 புள்ளி வைத்தால் 30-க்கு 20 அங்குலம் தாராளமாகப் போடலாம். மேட் பேப்பர் கேளுங்கள், கிளாஸி வேண்டாம். கிளாஸியில் போட்டால் மண்டபத்து ட்யூப் லைட் பூராவும் படத்தில் வந்து விழும். கடைக்காரர் பிரைட்னஸ் கூட்டட்டுமா என்று கேட்பார், கூட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் ஒரு சின்ன சைஸ் போட்டுப் பார்த்துவிட்டு, பச்சை சரியாக இருந்தால் மட்டும் பெரியதைக் கொடுங்கள்.